சென்னைச் சாலையில் யாருக்கு என்ன அதிகாரம்? ஏரியா சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வார்டில், குடியிருப்போர் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபை நடக்கும்போதெல்லாம் குடிநீருக்கும் குப்பைக்கும் அடுத்து வருவது ட்ராஃபிக்தான். 2022-ல் தமிழ்நாட்டு நகரங்களில் இந்தச் சபைகள் தொடங்கியதிலிருந்து குடியிருப்போர் சங்கத்துக்காக மனு எழுதிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. நியாயமான கோரிக்கைகூடத் தவறான மேஜைக்குப் போனதால் மாதக்கணக்கில் தூங்குவதைப் பார்த்து வருகிறேன். அதனால் ஒரே சந்தேகங்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட்டு, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சார், சென்னையில ட்ராஃபிக் யார் கையில இருக்கு? மாநகராட்சியா, போலீஸா?"

மூன்று பேர் கையில் இருக்கிறது. சட்டப்படி அதிகாரம் மாநில அரசுடையது. அதை அன்றாடம் செலுத்துவது போக்குவரத்துக் காவல்துறை. தார் போடுவது, நடைபாதை கட்டுவது, தெருவிளக்கு வைப்பது எல்லாம் சாலையை வைத்திருப்பவர் வேலை. பெரும்பாலான தெருக்களில் அது பெருநகர சென்னை மாநகராட்சி, சில பெரிய சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை.

வண்டி எப்படி ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்றால் போலீஸ். சாலை எப்படி இருக்க வேண்டும் என்றால் மாநகராட்சி. இந்தக் கோடு பல இடங்களில் மங்கிப்போகும். அதைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"மேயர் இருக்காங்க, 200 கவுன்சிலர் இருக்காங்க. அப்புறம் ஏன் அவங்களால ஒரு தெருவைக்கூட ஒருவழி ஆக்க முடியல?"

அரசியல் சட்டம் அப்படிப் பிரித்திருக்கிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதற்காக நாடாளுமன்றம் இயற்றியதுதான் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதில் வேகம், தடை, பலகை, பார்க்கிங் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் "மாநில அரசு அல்லது அது அதிகாரம் அளித்த அமைப்பு" என்றுதான் வருகிறது. அதிகாரம் தானாக மாநகராட்சிக்கு வருவதில்லை. அரசு கொடுத்தால்தான் உண்டு.

நகராட்சிகளுக்கு உயிர் கொடுத்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. அதனுடன் வந்த 12-வது அட்டவணையில் உள்ளாட்சிக்குத் தரக்கூடிய 18 பணிகள் இருக்கின்றன. சாலைகளும் பாலங்களும் உண்டு. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் உண்டு. போக்குவரத்து ஒழுங்கு என்ற சொல் மட்டும் இல்லை. 1688-லிருந்து இயங்கிவரும் ஒரு மாநகராட்சிக்குத் தன் தெருவில் வண்டி எந்தத் திசையில் போகலாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லாமல் போனது இப்படித்தான். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை இருக்கிற வழியைத் தெரிந்துகொண்டு அதில் நடக்க வேண்டும்.

"எங்க ரோடு யாரோடதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வீட்டு வாசலில் இருக்கும் உட்புறத் தெரு என்றால் பெரும்பாலும் மாநகராட்சியுடையது. உங்கள் வார்டு உதவிப் பொறியாளரிடம் போகலாம். மாநகரப் பேருந்து ஓடும் சாலைகளில் சுமார் 387 கிலோமீட்டரை மாநகராட்சியே தனிப் பிரிவு வைத்துப் பராமரிக்கிறது. "பஸ் ரூட் சாலைகள் துறை" என்பார்கள். அந்தச் சாலைக்கு வார்டுப் பொறியாளரிடம் மனு கொடுத்தால் அவர் இன்னொரு அலுவலகத்தைக் காட்டுவார். அது தட்டிக்கழிப்பது இல்லை, உண்மையிலேயே வேறு பிரிவு.

அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ராஜீவ் காந்தி சாலை, அதாவது ஓ.எம்.ஆர்., தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கியது. இவற்றில் நடைபாதைக் கல் பெயர்ந்தால்கூட மாநகராட்சியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி என்று இரண்டு புதிய காவல் ஆணையரகங்கள் பிரிந்தன. மாநகராட்சி எல்லையும் போலீஸ் எல்லையும் இப்போது ஒன்றல்ல. பள்ளிக்கரணையில் இருப்பவருக்கு வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, ட்ராஃபிக் மனு தாம்பரம் ஆணையரகத்துக்கு. மணலியில் இருப்பவருக்கு ஆவடி.

"ஒரு தெருவை ஒருவழிப் பாதையா மாத்தணும்னா யார் கையெழுத்து போடணும்?"

மோட்டார் வாகனச் சட்டம் 115-வது பிரிவைப் படியுங்கள். ஒரு குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ எல்லா வண்டியையும், அல்லது ஒரு வகை வண்டியை மட்டும், தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. பள்ளி நேரத்தில் தண்ணீர் லாரி வரக் கூடாது என்பதும் இந்த வகையில்தான் சேரும். சென்னையில் நடைமுறையில் இப்படிப்பட்ட உத்தரவுகள் போக்குவரத்துக் காவல்துறை வழியாகவே வருகின்றன. ஆகவே மனு அங்கே போக வேண்டும்; கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதம் இணைத்தால் கனம் கூடும்.

அந்தப் பிரிவில் ஒரு மாத விதி ஒன்று உண்டு. தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் முடிந்தவரை விளம்பரம் செய்தால் போதும். காணும் பொங்கலுக்குக் காமராஜர் சாலையிலும் தீபாவளி நேரத்தில் தி.நகரிலும் பாதையை மாற்றுவதற்கு இந்த வழி போதும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் அரசிதழ் அறிவிக்கையும் வேண்டும், முறையான பலகையும் வேண்டும். "சோதனை முறையில்" என்று தொடங்கும் மாற்றங்களுக்குப் பின்னால் இந்தக் கணக்கு உண்டு என்பதால், அறிவிப்பு வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

"எங்க தெருவுல பசங்க விளையாடுறாங்க. 30-க்கு மேல போகக் கூடாதுன்னு போர்டு வைக்க முடியுமா?"

புதிதாக வாங்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளைத் திருத்தி அறிவித்தது: கார் போன்ற இலகு வாகனங்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எல்லா வண்டிக்கும் 30.

விதி இருந்தாலும் தெருமுனையில் பலகை இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சட்டத்தின் 112-வது பிரிவே, வேக வரம்பு வைத்தால் பலகையும் நட வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் மனு "வரம்பு விதியுங்கள்" என்று இருக்கக் கூடாது. "அறிவித்த வரம்புக்கான பலகையை எங்கள் தெருவின் இரு முனையிலும் வையுங்கள்" என்று இருக்க வேண்டும். முதலாவது கொள்கை முடிவு, பல மேஜை தாண்ட வேண்டும். இரண்டாவது ஒரு கம்பமும் ஒரு தகடும்.

"வேகத்தடை போட யார்கிட்ட போகணும்? நாங்களே சிமென்ட் வாங்கிப் போட்டா என்ன?"

போடுவது சாலையை வைத்திருப்பவர். உங்கள் தெருவுக்கு மாநகராட்சி. இடம் சரிதானா என்று போக்குவரத்துக் காவல்துறையிடமும் கேட்பார்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்வதுபடி அது வளைவாக, மெதுவாக ஏறி இறங்க வேண்டும். வெள்ளைப் பட்டை பூச வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும்.

நீங்களே போடக் கூடாது. எங்கள் பக்கத்துத் தெருவில் கோவில் வேலையில் மிஞ்சிய கான்கிரீட்டை ஒரு இரவில் குறுக்கே கொட்டிவிட்டார்கள். உயரம் ஒரு சாண், அகலம் ஒன்றரை அடி, பெயின்ட் கிடையாது. மூன்றாம் நாள் இரவு, பின்சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து வந்த ஓர் அம்மா தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். போட்டவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளுக்காகத்தான் போட்டார்கள். ஆனால் அந்த அம்மாவின் கையில் மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் அந்தத் தெருவில் யாராலும் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

"என் வீட்டு கேட் முன்னாடி 'நோ பார்க்கிங்' போர்டு நானே மாட்டியிருக்கேன். அது செல்லுமா?"

செல்லாது. 116-வது பிரிவின்படி மாநில அரசோ, அது அதிகாரம் அளித்தவரோ வைத்தால்தான் அது போக்குவரத்துப் பலகை. நீங்கள் மாட்டியதைக் காட்டி ஒருவருக்கு அபராதம் போடச் சொல்ல முடியாது. பூந்தொட்டி, சங்கிலி, மணல் மூட்டை வைத்துத் தெருவில் இடம் பிடிப்பது அதைவிட மோசம். அது பொதுச் சாலையை ஆக்கிரமிப்பது. மாநகராட்சி எடுத்துப் போகலாம்.

அதற்காக உங்கள் கேட்டை மறித்து ஒருவர் காரை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. வாசலை அடைத்து நிறுத்துவது சாலை விதிகளின்படியே தவறு, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். 103-க்குச் சொல்லுங்கள், அது போக்குவரத்துக் காவல்துறையின் எண்.

"ரோட்டோர பார்க்கிங்குக்கு மாநகராட்சி காசு வாங்குதே. அப்ப அதிகாரம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

நல்ல கேள்வி, பலரும் குழம்பும் இடம் இது. 117-வது பிரிவின்படி வண்டி எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்வது மாநில அரசு அல்லது அது அதிகாரம் அளித்தவர். ஆனால் அந்தப் பகுதி உள்ளாட்சியைக் கலந்துபேசியே முடிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. முன்பு சொன்ன 12-வது அட்டவணையில் வாகன நிறுத்துமிடமும் இருக்கிறது. ஆகவே இடத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்; அந்த இடத்தை நடத்துவதும் கட்டணம் வாங்குவதும் மாநகராட்சி. 2019-ல் செயலி வழியாக ஸ்மார்ட் பார்க்கிங் தொடங்கியபோது வந்த கட்டணம் இந்த வகைதான்.

நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப் போவது வேறு அதிகாரம். 127-வது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவல் அதிகாரி அனுமதித்தால்தான் வண்டியை இழுக்கவோ சக்கரத்தைப் பூட்டவோ முடியும். பார்க்கிங் ஒப்பந்தக்காரரின் ஆள் தானாக உங்கள் சக்கரத்தைப் பூட்டினால், அனுமதித்த அதிகாரி யார் என்று கேளுங்கள்.

"மாநகராட்சி ஆள் வந்து ஹெல்மெட் போடாததுக்கு ஃபைன் போட முடியுமா?"

முடியாது. போக்குவரத்துக் குற்றத்துக்கு அபராதம் வாங்குவது காவல்துறையும் போக்குவரத்துத் துறையும்தான். அபராதத் தொகையை நிர்ணயிப்பது மாநில அரசு. 2022 அக்டோபரில் ஹெல்மெட்டுக்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது அப்படித்தான். குப்பை கொட்டினாலோ, கட்டட இடிபாட்டைச் சாலையில் போட்டாலோ மாநகராட்சி அபராதம் போடலாம். அது உள்ளாட்சிச் சட்டத்தின்படி.

"சிக்னல்ல பச்சை பத்து செகண்டுதான் எரியுது, வயசானவங்க எப்படிக் கடப்பாங்க?"

சிக்னலை இயக்குவதும் நேரம் வைப்பதும் போக்குவரத்துக் காவல்துறை. பணம் பல கைகளிலிருந்து வரும். ஜப்பான் கடனுதவியோடு போக்குவரத்தின் அளவுக்கேற்ப நேரம் மாறும் சிக்னல்களைக் கொண்டுவரும் திட்டத்தில் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் சிக்னலில் நடப்பவருக்குக் கூடுதல் விநாடி வேண்டுமென்றால் காவல்துறைக்கு எழுதுங்கள். வெறும் "போதவில்லை" என்று எழுதாமல் கைக்கடிகாரத்தோடு ஒரு மாலை நின்று, சாலையின் அகலம் எத்தனை அடி, ஒரு பாட்டி கடக்க எத்தனை விநாடி, பச்சை எத்தனை விநாடி என்று மூன்று எண்களை எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் அந்த மூன்று எண்கள் இருந்த மனுவுக்குத்தான் ஆள் வந்து பார்த்தார்.

"அப்ப மாநகராட்சியால உருப்படியா எதுவுமே செய்ய முடியாதா?"

இங்கேதான் நான் எல்லோரிடமும் சண்டை போடுவேன். மாநகராட்சியிடம் மிகப் பெரிய அதிகாரம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: சாலையின் வடிவம். நடைபாதை எவ்வளவு அகலம், வண்டிக்கு எவ்வளவு அகலம், முனையில் எவ்வளவு வளைவு, கடக்கும் இடம் சாலை மட்டத்திலா, மேடாகவா? இவற்றை முடிவு செய்வது மாநகராட்சிப் பொறியாளர். அகன்ற நேர்ச்சாலையில் '30 கி.மீ.' என்று வேகப் பலகை நட்டாலும் வண்டி பறக்கும். வண்டிப் பாதையைக் குறுக்கி முனையை இறுக்கினால் பலகை இல்லாமலே வேகம் குறையும். அதற்கு 112-ம் வேண்டாம், 115-ம் வேண்டாம்.

மாநகராட்சியே 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் முதலில், வண்டி பிறகு என்பதுதான் அதன் சாரம். சாலைக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கு என்றது. அந்த ஆவணத்தை உங்கள் மனுவில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அது மாநகராட்சி தானே கொடுத்த வாக்கு.

போன ஐப்பசி மழைக்கு முன் எங்கள் பஸ் நிறுத்தம் அருகே புதிதாகக் கட்டிய நடைபாதையின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன்: 26 சென்டிமீட்டர். சாலைக் காங்கிரஸ் தரப்படி 15-ஐத் தாண்டக் கூடாது. நான் அளந்துகொண்டிருக்கும்போதே காய்கறிப் பையோடு வந்த ஒரு பெரியவர் அந்த உயரத்தைப் பார்த்தார், முழங்காலைத் தடவினார், இறங்கி ரோட்டிலேயே நடந்தார். பக்கத்தில் பேருந்து உரசிக்கொண்டு போனது. நடைபாதை இருந்தும் மக்கள் ஏன் அதில் நடப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் அந்த 26-ஐத்தான் சொல்கிறேன். நடக்க விடப்படும் அகலமும் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். டேப் 60 ரூபாய்தான், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"நடைபாதையில கடை இருக்கே அண்ணா, அதைத் தூக்கச் சொன்னா போதும்ல?"

போதாது, அது சட்டமும் இல்லை. 2014-ம் ஆண்டு தெருவியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து, சான்று கொடுத்து, எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று நகர விற்பனைக் குழுவைக் கலந்து மாநகராட்சி முடிவு செய்ய வேண்டும். குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உண்டு. நடைபாதையில் நடக்க முடியாததற்கு இட்லிக்கடை அக்காவைக் காரணம் காட்டுகிறவர்கள், அதே நடைபாதையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் பைக்குகளையும் மின்மாற்றியையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"பாண்டி பஜார் மாதிரி எங்க கடைத்தெருவையும் வண்டியே வராத தெருவா ஆக்க மன்றத்துல தீர்மானம் போட்டா போதாதா?"

முதலில் ஒரு திருத்தம். 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வண்டி வராத தெரு இல்லை. தியாகராய சாலையில் இன்றும் வண்டி போகிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டப் பணத்தில் மாநகராட்சி அங்கே செய்தது, வண்டிக்கான அகலத்தைக் குறைத்து நடப்பவருக்கு அகலமாகக் கொடுத்தது. மேலே நான் சொன்ன "வடிவ" அதிகாரம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பாருங்கள். குழந்தை கையை விட்டுவிட்டு நடக்கிற அம்மாக்களைச் சென்னையில் வேறு எந்தக் கடைத்தெருவில் பார்க்க முடியும்?

வண்டியே கூடாது என்றால் 115-வது பிரிவு வந்துவிடும். தீர்மானம் மட்டும் போதாது. ஆனால் தீர்மானம் வீண் இல்லை. மாநகராட்சி கட்ட விரும்புகிறது, வியாபாரிகள் சம்மதிக்கிறார்கள் என்று எழுத்தில் இருந்தால் காவல்துறை சோதனைக்கு ஒப்புக்கொள்வது எளிது. பாண்டி பஜாரிலும் கட்டுவதற்கு முன் வண்டியை நிறுத்திவைத்துச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள்.

"மெட்ரோ வேலைக்காக மாத்திவிட்ட வழி வருஷக்கணக்கா அப்படியே இருக்கே?"

ஒருவழி பற்றிய பதிலில் சொன்ன ஒரு மாத விதி இங்கேதான் உதவும். பணி இடத்தைத் தடுப்பு வைத்து அடைப்பது மெட்ரோ நிறுவனம், பாதையை மாற்றுவது போக்குவரத்துக் காவல்துறை. மாற்றம் ஒரு மாதத்தைத் தாண்டினால் அறிவிக்கை எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நோக்கம் மெட்ரோவை நிறுத்துவது இல்லை, அது வேண்டும். தேதி போட்ட உத்தரவு கையில் இருந்தால், தடுப்பு ஓரத்தில் நடக்க ஒரு மீட்டராவது விடுங்கள் என்று கேட்கப் பிடிமானம் கிடைக்கும்.

"லண்டன்ல ஊருக்குள்ள கார் வந்தா காசாமே. சென்னையில மாநகராட்சி அப்படி வாங்க முடியுமா?"

இன்றைய சட்டத்தில் முடியாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு சொல்கிறது. வாகன வரியும் சாலைச் சுங்கக் கட்டணமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி மாநகராட்சிக்குக் கொடுத்தால் முடியும்.

வெளியூர்களைப் பார்த்தால் இது நம் குறை மட்டும் இல்லை என்று தெரியும். லண்டனில் 2003 பிப்ரவரி 17-ல் 5 பவுண்டுடன் கட்டணம் தொடங்க முடிந்தது, 1999-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மேயருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்ததால்தான். அங்கே எல்லா சிக்னல்களும் மேயரின் கீழுள்ள போக்குவரத்து அமைப்பிடமே இருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் 2006-ல் சோதித்து, மக்களிடம் வாக்கெடுத்து, 2007-ல் நிரந்தரமாக்கினார்கள். அங்கேயும் அது சட்டப்படி தேசிய வரி. நகராட்சியால் வெளியூர்க்காரருக்கு வரி போட முடியாது என்பதால் நாடாளுமன்றமே இயற்றியது. நியூயார்க் கதை நம்முடையது போலவே இருக்கும். மேயர் ப்ளூம்பெர்க் கொண்டுவந்த திட்டம் 2008-ல் மாநில சட்டமன்றத்தில் ஓட்டெடுப்புக்கே வராமல் முடிந்தது. 2019-ல் மாநிலம் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 5-ல்தான் 9 டாலர் கட்டணம் அமலானது. தன் தெருக்களில் பொது வேக வரம்பை மணிக்கு 25 மைலாகக் குறைக்கக்கூட அந்த நகரம் 2014-ல் மாநிலத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"டெல்லியில ஒற்றைப்படை, இரட்டைப்படைன்னு வண்டியை நிறுத்துனாங்களே, அது எப்படி?"

2016 ஜனவரியில் முதல் பதினைந்து நாள் நடந்த அதைச் செய்தது டெல்லி மாநகராட்சி இல்லை, டெல்லி அரசு. ஆயுதம் அதே 115-வது பிரிவு. சென்னையில் தமிழ்நாடு அரசு நினைத்தால் அந்தப் பிரிவில் அறிவிக்கை வெளியிட முடியும்.

"கும்டா வந்தாச்சே, இனி எல்லாம் ஒரே இடத்துல முடிஞ்சிடும்ல?"

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் பெயரளவில் இருந்தது. 2022 நவம்பரில்தான் முதலமைச்சர் தலைமையில் கூட்டம் நடந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே டிக்கெட் தரும் "சென்னை ஒன்" செயலி 2025 செப்டம்பரில் வந்தது அதன் வழியாகத்தான்; அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கும்டா திட்டமிடும், ஒருங்கிணைக்கும் அமைப்பு. உங்கள் தெருவில் வேகத்தடைக்கோ, ஒருவழிக்கோ அங்கே மனு போடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன மூன்று பேரின் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

"ரோட்டு வடிவமே தப்பா இருந்து ஒருத்தர் அடிபட்டா, வண்டி ஓட்டினவர்தான் எப்பவும் குற்றவாளியா?"

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் அரசு வகுத்த தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்பு, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறியது, ஆனாலும் சாலை போட்டவரும் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

அதே திருத்தம் நடப்பவர்களுக்காகவும் சாலைத் தரத்துக்காகவும் மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. விபத்தில் நொறுங்கி வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த ஒரு மருத்துவர் தொடங்கிய வழக்கு அது. உங்கள் மனுவில் அந்த உத்தரவையும் ஒரு வரி சேருங்கள்.

"மனு கொடுத்தா ரெண்டு ஆபீஸும் 'எங்களோடது இல்ல'ன்னு திருப்பி அனுப்புது. என்னதான் செய்றது?"

எனக்கும் இது நடந்தது. எங்கள் பகுதிப் பள்ளி வாசலில் வரிக்குதிரைக் கோடு அழிந்துபோய், நாலு மணிக்குப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஓடிக் கடந்தார்கள். ஓர் அலுவலகம், கோடு ட்ராஃபிக் சம்பந்தப்பட்டது என்றது. இன்னொரு அலுவலகம், பெயின்ட் சாலை சம்பந்தப்பட்டது என்றது. இரண்டும் ஒரு பங்கு உண்மை. பதினோரு மாதம் அப்படியே போனது.

பிறகு இரண்டு மனுவாகப் பிரித்தோம். காவல்துறைக்கு: "இந்த இடத்தில் கடக்கும் கோடு தேவை என்று ஒப்புதல் தாருங்கள்." மாநகராட்சிக்கு அதன் புகார் தொலைபேசி எண் 1913 வழியாகப் பதிவு எண்ணுடன்: "ஒப்புதல் கிடைத்ததும் பூசித் தாருங்கள்." இரண்டிலும் மற்ற மனுவின் நகல். கூடவே 10 ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு: அந்தச் சாலையில் கோடு பூசும் பொறுப்பு எந்த அலுவலருடையது? அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, தகவல் தங்களிடம் இல்லை என்றால் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்களுடையது இல்லை" என்று திருப்பி அனுப்ப அதில் வழி இல்லை.

நாற்பத்தோராம் நாள் இரவு பதினொரு மணிக்கு வண்டி வந்து கோடு பூசினார்கள். மறுநாள் காலை பள்ளி காவலாளி அண்ணன் அந்தக் கோட்டின் நடுவில் கையை நீட்டி நின்றார், ஒரு வேன் நின்றது. மனுக்களின் மாதிரி வேண்டுமென்றால் அடுத்த ஏரியா சபைக்கு வாருங்கள், நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.